ஏழாம் நம்பர் ஃபேடர்

எங்கள் இசைக்குழுவின் கடைசிக் கச்சேரிக்கு வந்த எண்ணூறு பேரும் மாஸ்டருக்காக மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அழுதவர்களில் பாதிப் பேர் பத்து வருஷமாக எங்கள் கச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். குழுவை இழுத்து மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வந்துவிட்டார்கள், கைக்குட்டையோடு.

அவர்களைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. மாஸ்டரைப் பற்றியும் இல்லை, அவரைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. நான் எழுத வந்தது ஹம்மிங் அக்காவைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் அதே மேடையில், இடது ஓரத்தில், ஏழாம் நம்பர் மைக்குக்குப் பின்னால் நின்றவள். அவளுக்கு நாங்கள் செய்ததை யாராவது சொல்லியாக வேண்டும். செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் நானே சொல்கிறேன்.

வாரநாளில் நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். விடுமுறை நாளில் குழுவுக்கு சவுண்ட் பார்ப்பவன். அரங்கின் கடைசியில் ஒரு மேசை, அதன்மேல் மிக்சர், அதன் பின்னால் நான். எல்லோரும் என்னைப் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயர்தான்.

அக்கா கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவள் வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீள அறை. எட்டுத் துவைக்கும் மெஷின், ஐந்து உலர்த்தும் மெஷின். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆப்பரேஷன் அங்கி என்று தள்ளுவண்டி தள்ளுவண்டியாக மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கும். விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு முந்நூறு விரிப்பு. அவள் மடித்தால் நாலு மூலையும் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும்.

குழுவில் அவள் சேர்ந்தது ஒரு பிறந்தநாள் விருந்தில். பேப்பர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபடி ஏதோ முணுமுணுத்திருக்கிறாள். முன்னால் நின்ற மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "ஹம்மிங் பண்ண வர்றீங்களா?" என்றாராம். தட்டை வைத்துவிட்டு அங்கேயே தலையாட்டியவள்தான். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரிக்கும் முதல் ஆளாக வந்து நிற்பாள். மேடையின் கறுப்புத் துணிகளை, கீபோர்டு மேசைக்கும் ஸ்பீக்கருக்கும் போர்த்துவோமே, அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, சதுரம் சதுரமாக மடித்து எடுத்து வருவாள். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மாஸ்டர் கீபோர்டு. அவர் மனைவி, நாங்கள் 'மேடம்' என்போம், முக்கியப் பாடகி. பெண் குரல் வரும் பாட்டெல்லாம் மேடத்துக்கு. பின்னால் வரும் 'ம்ம்', 'ஆ'வெல்லாம் அக்காவுக்கு. மேடம் மோசமாகப் பாடுவார் என்று நான் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பாடினால் மேடம் மோசமாகப் பாடுவது மாதிரிக் கேட்கும், அவ்வளவுதான் விஷயம்.

நான் சேர்ந்த முதல் கச்சேரியின் இடைவேளையிலேயே மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போது நான் இங்கே வந்து மூன்று மாதம். ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தேன். பேசிச் சிரிக்க எனக்கு இருந்த ஒரே கூட்டம் அந்தக் குழுதான்.

"தம்பி, நான் காதைத் தொட்டா நீ ஏழைக் குறைச்சிடு," என்றார்.

"ஏழு யாரு மாஸ்டர்?"

"ஹம்மிங். மேடம் மேல ஏறி வருது பாரு. எல்லாம் பேலன்ஸ்தான். யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத, அவ மனசு கஷ்டப்படும்."

அவள் மனசு கஷ்டப்படுமாம். என்ன ஒரு அக்கறை! நானும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆட்டினேன். மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு சின்னக் கட்டை இருக்கும். ஃபேடர் என்போம். மேலே தள்ளினால் குரல் கூடும், கீழே இழுத்தால் குறையும். அரங்கத்து ஸ்பீக்கருக்கும், பாடுகிறவர்கள் காலடியில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்துத்தான். மாஸ்டர் வலது காது மடலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். நான் ஏழைக் கீழே இழுப்பேன். அக்கா இன்னும் உயிரைக் கொடுத்துப் பாடுவாள். இன்னொரு இழுப்பு. இன்னும் கீழே.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரசிகர்கள் அந்தக் காது இழுப்பை மாஸ்டரின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் காதைத் தொடுகிறார் பார், என்ன ஒரு ரசனை, என்ன ஒரு லயிப்பு! முதல் வரிசைப் பையன்கள் பதிலுக்குத் தங்கள் காதை இழுத்தார்கள். அப்புறம் அரங்கமே இழுத்தது. குழந்தைகளுக்கு அது விளையாட்டானது. கடைத்தெருவில் மாஸ்டரைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் காதைத்தான் இழுப்பார்கள். அக்காவும் இழுப்பாள், சிரித்துக்கொண்டே. அவளுடைய குரலை அமுக்கச் சொல்லும் ஜாடை அது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் கீபோர்டில் இருந்தார். இன்னொருவன் நான், வாயை மூடிக்கொண்டு கடைசி மேசையில் இருந்தேன்.

அக்காவின் மகள் சின்ன வயதில் ஒரு தடவை கச்சேரி வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ வாயசைக்கிற, சத்தமே வரல," என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அதே கவலை. தன்னுடையது சின்னக் குரல் என்று முடிவே கட்டிவிட்டாள். வெந்நீர், தேன், ஆவி பிடித்தல், விடியற்காலையில் சலவைக்கூடத்துக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்று மூச்சுப் பயிற்சி. கடைசியில் தொண்டை டாக்டரிடம் போனாள். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு டியூட்டி. காரில் கூட்டிப்போனவன் நான். ஒன்றரை மணி நேரம் வெளியே உட்கார்ந்து, பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்து, "தொண்டையில ஒரு குறையும் இல்லையாம் தம்பி. பிறவியிலேயே இப்படித்தான் போல," என்றாள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று அடித்தளத்தில் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். கதவைத் திறந்து வெளியே காலை வைக்கிறேன், பதின்மூன்று மெஷினும் ஓடுகின்றன, பக்கத்தில் நிற்பவன் பேசினால் கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. மைக் இல்லை, ஒன்றும் இல்லை. விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். எதிர்முனையைப் பிடித்திருந்த, வேறு மொழிக்காரியான ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். மொழி தெரியாவிட்டால் என்ன, அர்த்தம் புரியாதா?

லிஃப்டைச் சரிசெய்துவிட்டு மேலே வந்தேன். அந்தச் சனிக்கிழமை கச்சேரியில் மாஸ்டர் காதை இழுத்தார், நான் ஏழைக் கீழே இழுத்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன வருஷம் மாஸ்டர் அறிவித்தார்: மகன் வேறொரு நாட்டில் வீடு வாங்கிவிட்டான், மாஸ்டரும் மேடமும் அங்கே போகிறார்கள், குழு இத்தோடு சரி. ஒரு பிரிவு உபசாரக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அவர் அறிவித்த அன்றைய ஒத்திகையிலேயே அக்கா வாழ்நாளில் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"மாஸ்டர், கடைசிக் கச்சேரில நான் ஒரே ஒரு பாட்டு தனியா பாடட்டுமா? ஒண்ணுதான்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார். இத்தனை பேர் எதிரில் முடியாது என்று எப்படிச் சொல்வது?

"அதுக்கென்னம்மா, தாராளமா. பதினெட்டாவது பாட்டு உன்னோடது," என்றார் மாஸ்டர்.

மூன்று மாதம் அக்கா அந்த ஒரு பாட்டோடுதான் குடித்தனம் நடத்தினாள். வீட்டுக்காரர் ஞாயிறு டியூட்டியை யாரிடமோ கெஞ்சி மாற்றினார். வெளியூரில் வேலையிலிருந்த மகள் ரயில் பிடித்து வந்தாள். சலவைக்கூடத்திலிருந்து ஏழு பேர், பாட்டில் ஒரு வார்த்தை புரியாதவர்கள், டிக்கெட் வாங்கி வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த வேறு மொழிக்காரியும் இருந்தார்.

அரங்கத்துக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், ஆறு மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? வாசலில் ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஆளுக்கொரு பேட்ஜ் குத்தினார்கள். வட்டமாக, மஞ்சள் நிறத்தில், நடுவில் ஒரு காது. அக்காவுக்கு மகளே குத்திவிட்டாள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். கை வேலையாக இருக்கிறது என்றேன்.

இரண்டு பாட்டுக்கு ஒரு பேச்சாளர். முதல் கச்சேரிக்கு நாற்காலி போட்டவர், இரண்டாவது கச்சேரிக்கு வேன் ஓட்டியவர், எந்தக் கச்சேரிக்கும் எதுவும் செய்யாதவர். ஒவ்வொருவரும் "ரெண்டே வார்த்தை" என்று தொடங்கி இருபது நிமிஷம் அறுத்தார்கள். நினைவுப் பரிசு கொடுத்தார்கள். வாங்கியவர் நன்றி சொன்னார். நன்றிக்கு இன்னொருவர் நன்றி சொன்னார். ஐந்து இருபதுக்கு நாங்கள் பதினாலாவது பாட்டில் நின்றோம்.

மாஸ்டர் கீபோர்டின்மேல் ஒட்டியிருந்த பட்டியலை எடுத்து, பேனாவால் கோடு போட்டார். எதன்மேல் என்று பின்னால் அந்தப் பட்டியலில் பார்த்தேன். மேடத்தின் இரண்டு பாட்டின் மேலும் பேனா ஓடியிருக்கவில்லை. பதினெட்டின் மேல் ஓடியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். மேடை மைக்குகளை அரங்கத்துக்குக் குறைத்திருந்தாலும் அவை திறந்துதான் இருந்தன. என் தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் எல்லாம் கேட்டது.

"டைம் இல்லம்மா. நீதான் கடைசிப் பாட்டுல இருக்கியே, அப்புறம் என்ன?"

"சரி மாஸ்டர்," என்றாள் அக்கா.

சரியாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. டிரம்ஸ்காரர் தனியாக வாசித்துக்கொண்டிருந்த ஐந்து நிமிஷத்தில் மேடைக்குப் பின்னால் ஓடினேன். அக்கா ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போய்ச் சண்டை போடுங்கக்கா. வாக்கு குடுத்தாருல்ல? நாலு நிமிஷப் பாட்டு!"

"விடு தம்பி. அவர் தப்பு இல்ல." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்கு அவமானம் வரக் கூடாதுன்னுதான் எடுத்திருப்பாரு. என் குரல்தான் உனக்குத் தெரியுமே. தனியா நின்னா எடுபடுமா? அவ்ளோ பெரிய ஹாலு. என் ஆளுங்க வேற வந்திருக்காங்க. நல்லவேளைன்னு நெனச்சுக்கறேன்."

அந்த 'நல்லவேளை'யை என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் பத்தொன்பது வருஷமும் வெளியே கொட்டிவிடும். அப்போதும் திறக்கவில்லை. கோழைப்பயல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

கடைசிப் பாட்டு எங்கள் குழுவே சொந்தமாகப் போட்டது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது அக்காவின் ஹம்மிங்கில்தான் தொடங்கும். வேறு எந்தப் பாட்டையும் டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணித் தொடங்குவார். இதற்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது. அக்கா தனியாக ஹம்மிங் எடுத்து, சுற்றி வந்து, ஒரு சுரத்தில் இறங்கி நிற்பாள். அவள் இறங்கினால்தான் டிரம்ஸ் விழும், மற்றவர்கள் வருவார்கள், மேடம் பல்லவி எடுப்பார். இத்தனை வருஷமாக அது எட்டுத் தாளத்தில் முடிந்துவிடும்.

விளக்கு அணைந்து, அவள்மேல் ஒரு வெளிச்சம் விழுந்தது. அக்கா கண்ணை மூடித் தொடங்கினாள். மாஸ்டர் காதைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

நான் ஏழை மேலே தள்ளினேன். அதற்கு மேல் தள்ள இடமில்லாத வரைக்கும்.

அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. இருமிக்கொண்டிருந்த ஆள்கூட நிறுத்திவிட்டார். அக்காவின் காலடி ஸ்பீக்கரிலிருந்து அவள் குரலே அவள்மேல் வந்து மோதியது. கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். வேறு யாரோ பாடுகிறார்களோ என்று பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு கணம் குரல் தடுமாறியது. பிறகு அது தன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டது. எட்டுத் தாளம் முடிந்தது. அவள் இறங்கவில்லை.

மாஸ்டர் இரண்டாவது முறை இழுத்தார். மூன்றாவது முறை. ரசிகர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். கடைசி வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து எண்ணூறு பேரும் எழுந்து நின்று அவரவர் காதை இழுத்தார்கள். அவர் கோபத்தில் இழுக்க, இவர்கள் பாசத்தில் இழுக்க, அவர் காது மடல் சிவந்ததுதான் மிச்சம். நான் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே தொடையில் வைத்துக்கொண்டேன்.

டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். மேடம் மைக்கை வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய் இறக்கினார். ஹம்மிங்கிலிருந்து அக்கா நேராகப் பதினெட்டாவது பாட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் குடித்தனம் நடத்திய அந்தப் பாட்டை, ஒரு வாத்தியமும் இல்லாமல், ஒரு அடி விடாமல் பாடினாள். நான்காவது வரிசையில் சலவைக்கூடத்து அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் வீட்டுக்காரர் வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தபிறகுதான் அந்தச் சுரத்தில் வந்து இறங்கினாள். டிரம்ஸ் விழுந்தது. கடைசிப் பாட்டை ஓட்டமும் நடையுமாக முடித்தோம். ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது.

கூட்டம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. "இவ்ளோ நாள் இந்தக் குரலை எங்கக்கா வச்சிருந்தீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாஸ்டர் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கை எங்கடா இருந்துச்சு உனக்கு? நான் இழுக்கிறது தெரியல?"

"தெரிஞ்சுது மாஸ்டர்."

"என் கடைசிக் கச்சேரிடா!"

"அவங்களுக்கும்தான்," என்றேன். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பத்தொன்பது வருஷம் தாமதமாக வந்த வீரத்துக்கு என்ன மரியாதை? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டருக்குப் பின்னால் அக்கா வந்து நிற்பதை இருவரும் அப்போதுதான் பார்த்தோம். அவர் கீபோர்டைக் கட்டுவதற்குப் போய்விட்டார்.

அக்கா மிக்சரைக் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"இதுல எது என்னோடது?"

"ஏழு, அக்கா."

ஒரு விரலை அதன்மேல் வைத்தாள். "இன்னைக்கு இங்க வச்சிருக்கே."

"ஆமாக்கா."

"எப்பவும் எங்க இருக்கும்?"

நான் கீழே இழுத்துக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொல்லி?"

என் வலது காதைத் தொட்டேன். அவள் குனிந்து தன் தோளில் மகள் குத்திவிட்ட பேட்ஜைப் பார்த்தாள். அதைக் கழற்றி, ஊசியை மூடி, மிக்சரின்மேல் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட நீதானே தம்பி கூட்டிட்டுப் போனே?"

"அக்கா..."

"மூக்கு வழியா குழாய் விட்டுப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துச்சு. வெளிய வந்ததும் நீ டீ வாங்கிக் குடுத்தே." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரொம்பச் சூடா இருக்கு, ஆத்திக் குடிங்கக்கான்னு சொன்னே."

"மன்னிச்சிடுங்கக்கா. இனிமே..."

"இனிமே என்ன?" என்றாள். "இனிமே எங்க இருக்கு கச்சேரி?"

அரங்கத்துக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். அக்கா பழக்கதோஷத்தில் என் மேசை ஓரத்தில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து உதறினாள். முதல் மடிப்பு விழுந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது. மடித்ததைப் பிரித்து, அப்படியே சுருட்டி என் கையில் திணித்தாள்.

"இதை நீயே தொவைச்சுக்கோ."

வாசலில் வீட்டுக்காரரும் மகளும் சலவைக்கூடத்து ஏழு பேரும் காத்திருந்தார்கள். அவள் அவர்களோடு போனாள். நான் துணியை மடிக்க இரண்டு தடவை முயன்றேன். மூலைகள் சேரவே இல்லை.